மாதிரித் தண்ணீர்

ஸ்ரீபெரும்புதூர் என்ற பேர் ஊர் உலகமெல்லாம் தெரிந்துபோனது 1991 மே மாதத்தில். நான் சொல்லப்போவது அதே வருஷத்து மாசி மாதம். அப்போதெல்லாம் வெளியூரில் யாராவது கேட்டால் கோயிலைச் சொல்லித்தான் எங்கள் பக்கத்தைப் புரியவைக்க வேண்டும். அதிலும் எங்கள் ஊர் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் என்று சொல்லி, பிறகு ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்றும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வயல், இரண்டு மாடு, கிணறு, நாங்கள் இரண்டு பேர் எல்லாம் அம்மாவின் ஆட்சியில் இருந்தோம். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டாமல் செய்தித்தாள் படிப்பாள். படித்ததற்குத் தானே அர்த்தமும் சொல்லிக்கொள்வாள், யாரையும் கேட்க மாட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு குழந்தை வர வேண்டியிருந்தது, வரவில்லை. அண்ணி பிரசவத்துக்குக் குன்றத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. மூன்றாம் மாசம் அழைத்துவருவதாகப் பேச்சு. நான்காவதும் முடியப்போகிறது, குன்றத்தூரில் அனுப்புகிற பேச்சே இல்லை. அண்ணிக்குப் பால் போதாமல் குழந்தைக்கு டப்பாப் பால்மாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தடங்கல் அந்தத் தண்ணீரில்தான் வந்தது. எங்கள் கிணற்றிலிருந்து மூன்று வயல் தள்ளி, ஸ்கூட்டர் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு சின்னக் கம்பெனி வந்திருந்தது. அண்ணியின் அம்மா அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனவர், "அந்தக் கம்பெனித் தண்ணியில எம் பேத்திக்குப் பால் கலக்க நான் வுடமாட்டேன்" என்று அண்ணனிடம் நேராகவே சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்கு அது பெரிய அவமானம். அந்தக் கிணற்றைத் தோண்டும்போது அப்பாவோடு சேர்ந்து மண் சுமந்தவள் அவள். "கம்பெனி நேத்து வந்துது. என் கெணறு இருவது வருஷமா கீது. அத இன்னாத்துக்குக் கொற சொல்றா அந்த அம்மா?" என்று மாடுகளிடம் கேட்பாள். எங்களிடம் கேட்டால் நாங்கள் பதில் சொல்லிவிடுவோம் என்பதால் மாடுகளிடம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் டீக்கடையிலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தான். மெட்ராஸில் ஒரு பல்கலைக்கழகம் சனிக்கிழமை முழுக்கக் கதவைத் திறந்துவைக்கப்போகிறதாம். உள்ளே நடக்கும் ஆராய்ச்சிகளையெல்லாம் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கலாம். கீழே பொடி எழுத்தில் இன்னொன்று: கிணற்று நீர் மாதிரி கொண்டுவருவோருக்குச் சோதித்துச் சான்று தரப்படும், சுத்தமான பாத்திரத்தில் கொண்டுவரவும்.

நான் அதை உரக்கப் படித்தேன். அம்மா பேப்பரை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பல்கலைக்கழகத்துல எழுதிக் குடுத்தா ஒத்துக்குவா இல்ல அந்த அம்மா?"

"முத்திரை குத்திக் குடுத்தா ஒத்துக்கத்தான் வேணும்" என்றேன் நான்.

திட்டம் அங்கேயே தயாராகிவிட்டது. சனிக்கிழமை தண்ணீரைக் கொண்டுபோவது, சான்றை வாங்குவது, வருகிற வழியில் நேராகக் குன்றத்தூரில் இறங்கிச் சம்பந்தியின் கையில் அதைக் கொடுப்பது, குழந்தையை அழைத்துவர நாள் குறிப்பது. கம்பெனிதான் கிணற்றைக் கெடுக்கிறது என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை நான் புடவை மடிப்பு சரியாக வராமல் கண்ணாடியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்கட்டில் அடுப்பு எரிகிற வாசனை வந்தது. கட்டுசோறுக்கு என்று நினைத்தேன். கிளம்பும்போது அம்மாவின் ஒயர் கூடையில் எங்கள் வீட்டுச் செப்புச் சொம்பு இருந்தது, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி. பொங்கலுக்குக்கூட அப்படிப் பளபளத்து நான் பார்த்ததில்லை. வேதியியல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த எனக்கு, அதைப் பார்த்ததும் எதுவும் உறைக்கவில்லை. சுத்தமான பாத்திரம்தானே கேட்டிருந்தார்கள். பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்ற நினைப்பில் ஓடினேன்.

பூந்தமல்லியில் மாறி, நின்றுகொண்டே போய், பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. உள்ளே ஒவ்வொரு கட்டடத்துக்கும் அம்புக்குறி போட்டு, மார்பில் அட்டை குத்திய மாணவர்கள் "வாங்க, வாங்க" என்று கல்யாண வீடு மாதிரி அழைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சோதிக்கும் இடத்தில் ஒன்றரை மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். அதுவரை சுற்றிப் பார்த்தோம்.

ஒரு கூடத்தில் ஒரு பெரிய இயந்திரம் சிமெண்டுக் கட்டியை மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று முள் காட்டியது. கொஞ்ச நேரத்தில் கட்டி 'படார்' என்று வெடித்தது, கூட்டம் கை தட்டியது. அடுத்த கூடத்தில் ஒரு பையன் ரோஜாப்பூவைப் புகை வரும் ஒரு திரவத்தில் முக்கி எடுத்து மேஜையில் அடித்தான். பூ கண்ணாடி மாதிரி நொறுங்கியது. அங்கேயும் கை தட்டல். அம்மா கை தட்டவில்லை.

"இன்னாடி இது, கட்டறத காட்டுவாங்கன்னு பாத்தா எல்லாத்தையும் ஒடச்சிக்கினு இருக்காங்க?"

"ஒடச்சிப் பாத்தாத்தானே எது எவ்ளோ தாங்கும்னு தெரியும்."

"பூ தாங்காதுன்னு எனக்கு ஒடைக்காமலே தெரியும்."

கம்ப்யூட்டர் அறையில் மட்டும் அம்மா உருகிப்போனாள். பேரைச் சொன்னால் ஒரு மாணவர் பொத்தான்களைத் தட்ட, அந்தப் பெட்டி 'கிர்ர்' என்று இழுத்து, ஓரம் முழுக்க ஓட்டை போட்ட நீளத் தாளில் அச்சடித்துக் கொடுத்தது. அம்மா தன் பேரைச் சொல்லவில்லை, பேத்தியின் பேரைச் சொன்னாள். அச்சான தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "வூட்டுக்கு வந்தா தொட்டில் மேல ஒட்டணும்" என்றாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அவள் இப்போது பெரிய மனுஷி, கோபித்துக்கொள்வாள்.

தண்ணீர் சோதிக்கும் அறைக்கு வெளியே வரிசை. ஊறுகாய் பாட்டில், பிளாஸ்டிக் கேன், மருந்து பாட்டில் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவரின் பாட்டிலில் அடியில் பாசியும் ஒரு புழுவும் இருந்தன. அம்மா என் காதில், "இன்னா ஜனம் பாரு. பெரிய எடத்துக்கு எடுத்துக்கினு வரமேன்னு ஒரு வெக்கம் கீதா?" என்றாள். சொல்லிவிட்டுச் சொம்பின் துணியை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கினாள்.

மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் ஆராய்ச்சி மாணவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். சொம்பைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள், ஆனால் பின்னால் வரிசை நீளம். கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிக்கொண்டாள். இரண்டு மூன்று சோதனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த குழாயில் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகியது. அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு முறை செய்தாள். பிறகு உள்ளே இருந்த பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"தண்ணியில தாமிரம் இருக்கும்மா. நிறையவே இருக்கு. உங்க கிணத்துக்குப் பக்கத்துல கம்பெனி ஏதாவது இருக்கா?" என்றார் அவர் குழாயைப் பார்த்துவிட்டு.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "இருக்கு. முலாம் பூசற கம்பெனி. மூணு வயல் தள்ளி."

சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை இப்போது ஒளிக்க மாட்டேன். நான் சந்தேகப்பட்டது சரி. விஞ்ஞானமே சொல்லிவிட்டது. பேராசிரியர் ஊர்ப் பேரைக் கேட்டார், வழியைக் கேட்டார், நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். மாணவி படிவத்தில் எழுதத் தொடங்கினாள். எனக்கு அந்தக் கம்பெனி வாசலில் ஜீப் வந்து நிற்பதெல்லாம் கண்ணில் தெரிந்தது.

"நிறுத்து கண்ணு. எழுதாத" என்றாள் அம்மா.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கண்ணை மேஜையிலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"அது கம்பெனி செம்பு இல்ல. எஞ் சொம்பு செம்பு. நேத்து சாயங்காலம் புளி போட்டு நல்லாத் தேச்சேன். ராவு முழுக்கப் புளித்தண்ணி அதுலயே இருந்துது. காலையில அவசரத்துல சரியாக் கூட அலசல."

"சரிம்மா, தண்ணிய நேரா கிணத்துல இருந்துதானே எடுத்தீங்க?" என்றாள் மாணவி.

"கெணத்துல இருந்துதான். தேத்தாங்கொட்ட ஒரசி ஊத்தித் தெளிய வெச்சேன். மூணு தபா வேட்டித் துணியில வடிகட்டினேன். அப்பறம் ரெண்டு சொம்புத் தண்ணிய ஒரு சொம்பா சுண்டக் காய்ச்சினேன். கஷாயத்துக்குக் காய்ச்சுவோமே, அந்தப் பதம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாசி பாட்டில்காரர் இன்னும் பக்கத்து மேஜையில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரும் சிரித்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. "ஏம்மா இப்பிடிப் பண்ணே? சோதிக்கத்தானே கேட்டாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அம்மா இடுப்பிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து என்னிடமே நீட்டினாள். "மாதிரின்னு போட்டுக்கீதே. நீதானே படிச்சே? கெணத்துத் தண்ணின்னா போட்டாங்க? கெணத்து நீர் மாதிரி. நம்ம வயலு மாதிரி வயல் இல்ல? அந்த மாதிரிதானே இதுவும்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் விவசாய இலாகாக்காரர்கள் எங்கள் வயலைத் தேர்ந்தெடுத்து, வரப்பில் 'மாதிரி வயல்' என்று தகரப் பலகை நட்டார்கள். புது நெல், மூட்டை மூட்டையாக யூரியா, மாசத்துக்கு ஒருமுறை பார்வையிட அதிகாரிகள். அவர்கள் வரும் நாளில் அம்மா ஒரு களை விடாமல் பிடுங்கி, வரப்பைப் பெருக்கி, பலகைக்குக் கீழே கோலமே போட்டுவிடுவாள். மாதிரி என்றால் ஊரார் வந்து பார்ப்பதற்காக நம்மிடம் இருப்பதிலேயே சிறந்ததாக்கி வைப்பது. அந்த வார்த்தைக்கு அவளுக்கு வேறு அர்த்தம் தெரியாது. எனக்கு என் வேதியியல் பாடத்து அர்த்தம் மட்டும்தான் தெரியும். அவளைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

மாணவி சிரிக்கவில்லை. அதற்காக அவளை நான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். எழுதிய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து, "உட்காருங்கம்மா" என்றாள். "செம்பை விடுங்க. வடிகட்டினாலும் காய்ச்சினாலும் போகாத ஒண்ணு இருக்கு. அதையும் பாத்துடலாம்."

இன்னொரு குழாய், இன்னொரு பொடி. குலுக்கி நிறுத்தினாள். தண்ணீர் மெதுவாக ரோஜாப்பூ நிறத்துக்கு மாறி, போகப் போகக் கருஞ்சிவப்பாகியது.

"கலரு நல்லா கீதே" என்றாள் அம்மா நம்பிக்கையோடு.

"வீட்டுல கைக்குழந்தை இருக்காம்மா?"

நாங்கள் அவளிடம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். "வரப்போவுது" என்றாள்.

மாணவி நிதானமாகச் சொன்னாள். இது நைட்ரேட். தண்ணீரில் கரைந்திருக்கும், கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது. பெரியவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. ஆறு மாசத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு இதில் பால் கலந்து கொடுத்தால் ரத்தத்தைக் கெடுக்கும், உதடு நீலம் பாரித்துப்போகும். உயிருக்கே ஆபத்து.

"நல்லாக் கொதிக்க வெச்சிக் குடுத்தா?"

"கொதிக்க வச்சா தண்ணிதான்மா குறையும். இது குறையாது, கெட்டியாகும். நீங்க பாதியா சுண்ட வச்சதால ரெண்டு மடங்கு காட்டுது. அதைக் கழிச்சிப் பாத்தாலும் அதிகம்தான்."

அம்மா எப்போதும் குழந்தைக்குக் காய்ச்சித்தான் கொடுப்பாள். என்னையும் அண்ணனையும் அப்படித்தான் வளர்த்தாள். பேத்தி வந்திருந்தால் நாளுக்கு ஆறு வேளை, பொறுமையாக, சுண்டச் சுண்டக் காய்ச்சி அவள் கையாலேயே கலக்கிக் கொடுத்திருப்பாள். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது கம்பெனியிலிருந்து வருதா?" என்று நான் கேட்டேன். இன்னும் எனக்கு ஆசை விடவில்லை.

"அநேகமா இல்ல. கிணத்துப் பக்கத்துல எருக்குழி இருக்கா? வயலுக்கு யூரியா நிறையப் போடுவீங்களா?"

எருக்குழி கிணற்றிலிருந்து பத்தடிகூட இருக்காது. யூரியாவுக்கு அம்மா பதில் சொன்னாள். ரொம்ப மெல்லிய குரலில், "எங்களுது மாதிரி வயல் கண்ணு" என்றாள்.

மாணவி உள்ளே போய் மூடி போட்ட இரண்டு கண்ணாடி பாட்டில்களைக் கொண்டுவந்தாள். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றாள். கிணற்றிலிருந்து அப்படியே, வடிகட்டாமல், காய்ச்சாமல், பாசி இருந்தால் பாசியோடு எடுத்துத் திங்கள்கிழமை அனுப்பச் சொன்னாள். உறுதியாகத் தெரிந்த பிறகுதான் முத்திரை. இப்போதைக்கு ஒரு தாளில் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே மரத்தடியில் கட்டுசோற்றைப் பிரித்தோம். இரண்டு பேராலும் சாப்பிட முடியவில்லை. நான் மெட்ராஸிலிருந்து நேராக ஊருக்குப் போய்விடலாம் என்றேன். குன்றத்தூரில் போய் என்னவென்று சொல்வது? எனக்கு அவமானமாக இருந்தது. தண்ணீருக்காக அல்ல, அந்தச் சொம்புக்காக, அந்த வரிசையில் நான் கத்தியதற்காக.

"குன்றத்தூருக்குத்தான் போறோம்" என்றாள் அம்மா. பேருந்து போரூர் தாண்டி, குன்றத்தூர் மலைக் கோயில் தெரிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணியின் அம்மா வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். சண்டைக்குத் தயாராக நிற்கிறார் என்பது இடுப்பில் செருகிய முந்தானையிலேயே தெரிந்தது. அண்ணி குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டாள். அம்மா அதன் உதட்டைப் பார்த்தாள். சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நல்ல சிவப்பு. பிறகு மாணவி எழுதிக் கொடுத்த தாளை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள்.

"கொழந்த இங்கயே இருக்கட்டும். எங்க தண்ணி அதுக்கு ஆவாது."

மூன்று மாசமாக அம்மா அந்தக் குழந்தைக்காகத் தொட்டில் புடவையைத் துவைத்துத் துவைத்து மடித்துவைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அண்ணியின் அம்மாவுக்குத் தெரியாது. அவர் உடனே, "நான் அன்னிக்கே சொல்லல? கம்பெனித் தண்ணி, கம்பெனித் தண்ணின்னு?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் கௌரவம் தப்பியிருக்கும். பழியைத் தூக்கிக் கம்பெனி மேல் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"கம்பெனித் தண்ணியில இன்னா கீதோ, அத அப்பறம் பாக்கலாம். இது கம்பெனி இல்ல சம்மந்தி. எங்க எருக்குழி. நான் போட்ட யூரியா" என்றாள் அம்மா. சொம்புக் கதையையும் அவளே சொன்னாள். புளியையும் வேட்டித் துணியையும் கஷாயப் பதத்தையும் ஒன்றுவிடாமல். அண்ணி சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை அவிழ்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒயர் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"இங்க எந்தத் தண்ணியில பால் கலக்கறீங்க?"

"எங்க கெணறுதான். ஏன் சம்மந்தி?"

"இதுல கொஞ்சம் குடுங்க. திங்கக்கெழம எம் பையன் ரெண்டையும் கொண்டுபோய்க் குடுக்கட்டும். கொழந்த குடிக்கறது இதத்தானே."

அண்ணியின் அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு எழுந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மேலே வந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டமாகப் பின்பக்கம் போனாள். நானும் குழந்தையோடு பின்னால் போனேன்.

அண்ணியின் அம்மா கொடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை உருவி, வாளியின் வாயில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க சம்மந்தி, பெரிய எடத்துக்குப் போவுது" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்தாள். "வேணாம் சம்மந்தி. அப்படியே குடுங்க. இருக்கறது இருக்கறபடி. அதான் மாதிரி."